துறவியின் பையில் ஒரு டார்ச்

உடைமைகளைத் துறந்த ஒருவர் இருட்டில் நடக்க விளக்கு வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொள்ளலாம் என்றால் அது எப்படிப்பட்ட விளக்காக இருக்க வேண்டும்? இந்தியத் துறவு மரபுகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக யோசித்து வந்துள்ள இந்தக் கேள்வி, இன்று உள்ளங்கைக்குள் அடங்கும் எல்இடி டார்ச்சின் வடிவில் மீண்டும் எழுந்திருக்கிறது. தாய்லாந்தின் வனவிகாரங்களில் வாழும் பிக்குகளின் தோள்பையில் பிட்சைப் பாத்திரத்தோடு ஒரு சின்ன டார்ச்சும் இருப்பது இப்போது வழக்கம். மலையேறுபவர்களும் பேரிடருக்கு முன்னேற்பாடு செய்பவர்களும் கட்டிவைக்கும் உயிர்காப்புப் பையிலும் அதே டார்ச் உண்டு.

இரண்டு பைகளுக்கும் விதி ஒன்றுதான். தேவையானது மட்டும் இருக்க வேண்டும். சுமை குறைவாக இருக்க வேண்டும். நோக்கம்தான் வேறு. ஒன்று உயிரைக் காத்துக்கொள்ளக் கட்டியது, மற்றொன்று பற்றை விடுவதற்காகக் கட்டியது. ஒரே பொருள் இரண்டிலும் இடம்பெறுவதால், தேவை எங்கே முடிந்து பற்று எங்கே தொடங்குகிறது என்பதை அந்தப் பொருளை வைத்தே ஆராய முடிகிறது.

எட்டுப் பொருள்களும் இல்லாத விளக்கும்

தேரவாத பௌத்த மரபு பிக்குவுக்கு எட்டுப் பொருள்களை வகுத்திருக்கிறது. மூன்று சீவர ஆடைகள், பிட்சைப் பாத்திரம், இடுப்புக் கச்சை, சவரக் கத்தி, ஊசி, நீர் வடிகட்டி ஆகியவையே அவை. இவை அனைத்தையும் தோளில் போட்டுக்கொண்டு எந்த நேரமும் புறப்பட்டுவிடலாம். சிறகுகளைத் தவிர வேறு சுமையில்லாமல் பறக்கும் பறவைக்குப் பிக்குவை ஒப்பிடுகிறது பௌத்த நூல்தொகுப்பான தீக நிகாயத்தின் சாமஞ்ஞபல சுத்தம் என்னும் உரை.

பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒன்று தெரியவரும். ஆடையும் பாத்திரமும் கச்சையும் கத்தியும் ஊசியும் பிக்குவின் உடலுக்குப் பயன்படுபவை. நீர் வடிகட்டி மட்டும் முதன்மையாக மற்ற உயிர்களுக்கானது. குடிக்கும் நீரில் சிற்றுயிர்கள் இருப்பது தெரிந்தும் அதைப் பயன்படுத்துவது குற்றம் என்றும், அந்த நீரை மண்ணிலோ புல்லிலோ ஊற்றுவதும் குற்றம் என்றும் பிக்குகளின் ஒழுக்க விதித்தொகுப்பான விநயம் விதிக்கிறது. அந்த விதிகளுக்குக் கைகொடுக்கும் கருவியாகவே வடிகட்டி பட்டியலில் இடம்பெற்றது. ஒரு பொருளை வைத்துக்கொள்ளத் தன் வசதி மட்டும் காரணமாக வேண்டியதில்லை, கொல்லாமையும் காரணமாகலாம் என்பதற்கு அது முன்னுதாரணம்.

எட்டில் விளக்கு இல்லை. அன்றைய பிக்கு வாழ்வு பெரும்பாலும் பகலில் நடந்து முடிந்துவிடும் வாழ்வு. விடிந்தபின் பிட்சை, நண்பகலுக்குள் உணவு, இருட்டியபின் தியானமும் அறவுரையும். ஆனால் தொடக்கத்தில் இந்த ஒழுங்கு இருக்கவில்லை. மஜ்ஜிம நிகாயத்தின் லடுகிகோபம சுத்தத்தில் உதாயி என்ற பிக்கு பழைய நிலைமையை நினைவுகூர்கிறார். இருட்டில் பிட்சைக்குப் போனவர்கள் சாக்கடைக் குழியில் விழுந்தார்கள், முட்புதரில் சிக்கினார்கள், உறங்கும் பசுவின்மேல் இடறினார்கள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண் மின்னல் வெளிச்சத்தில் பிக்குவைக் கண்டு பேய் என்று அலறினாள். இருட்டில் நடப்பதன் துன்பத்துக்குப் புத்தர் தந்த தீர்வு விளக்கு அல்ல. அகால உணவையே விலக்கியதால் இரவுப் பிட்சைக்குத் தேவையே இல்லாமல் போனது.

தேவையை நிறைவுசெய்யப் பொருள் தேடுவதற்கு முன், அந்தத் தேவையே வராமல் வாழ்வை மாற்றியமைக்க முடியுமா என்று பார்ப்பது துறவின் முதல் வழி. டார்ச் விஷயத்திலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான். இந்த இரவில் நடந்துதான் ஆக வேண்டுமா?

நெருப்பு மூட்டத் தடை

விநயத்தில் விளக்கைப் பற்றிய பேச்சு நெருப்பைப் பற்றிய ஒரு விதிக்குள் வருகிறது. பாசித்தியம் என்னும் குற்ற வகைக்கான விதிகளில் 56ஆவது அது. பக்க நாட்டில் சும்சுமாரகிரிக்கு அருகில் பிக்குகள் தங்கியிருந்தபோது, குளிர்காலத்தில் பொந்து விழுந்த ஒரு பெரிய கட்டைக்குத் தீமூட்டிக் குளிர்காய்ந்தார்கள். உள்ளேயிருந்த கருநாகம் சூடு பொறுக்காமல் வெளியே வந்து அவர்களைத் துரத்தியது. அதன்பிறகு, நோயுற்ற பிக்குவைத் தவிர வேறு யாரும் குளிர்காய நெருப்பு மூட்டக்கூடாது என்று விதி பிறந்தது.

விதி வந்ததும் பிக்குகளுக்குத் தயக்கம் வந்தது. விளக்கேற்றுவதும் நெருப்பு மூட்டுவதுதானே என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். வெந்நீர் அறையில் தீ வளர்ப்பதையும் விட்டுவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்ட புத்தர், தகுந்த காரணம் இருந்தால் நெருப்பு மூட்டலாம் என்று விதியைத் திருத்தினார். விளக்கு அனுமதிக்கப்பட்டது இப்படித்தான். அது உரிமையாகக் கொடுக்கப்படவில்லை, காரணத்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது. காரணம் நீங்கினால் அனுமதியும் நீங்கும்.

சமணர் காணும் இருள்

இதே கேள்விக்குச் சமணத் துறவு மரபு வேறு விடை சொல்கிறது. சமணக் கொள்கைப்படி உயிர்கள் ஆறு வகை. மண், நீர், நெருப்பு, காற்று ஆகியவற்றை உடலாகக் கொண்டவை, தாவரங்கள், இடம்பெயரக்கூடியவை. நெருப்பே உயிர்களின் உடல் என்பதால் விளக்கேற்றுவதில் இரண்டு வகையான கொலை இருக்கிறது. எரியும் சுடர் தன்னிடம் வந்து விழும் பூச்சிகளைக் கொல்கிறது, அணைக்கும் கை நெருப்புயிர்களைக் கொல்கிறது. ஆகவே துறவி தானும் விளக்கேற்ற மாட்டார், பிறரை ஏற்றச் சொல்லவும் மாட்டார், தமக்காக ஏற்றியதை ஏற்கவும் மாட்டார்.

விளக்கில்லாத வாழ்வுக்கு ஏற்ப மற்ற ஒழுக்கங்களும் அமைந்திருக்கின்றன. இரவுண்ணாமையைத் துறவியின் ஐந்து மாவிரதங்களோடு ஆறாவதாகச் சேர்த்துச் சொல்கிறது தசவைகாலிக சூத்திரம். நடக்கும்போது நுகத்தடி நீளத்துக்கு, ஏறத்தாழ நான்கு முழத்துக்கு, முன்னால் உள்ள தரையைப் பார்த்து அடிவைக்க வேண்டும் என்பது ஈர்யா சமிதி என்னும் ஒழுக்கம். அந்த நான்கு முழம் கண்ணுக்குத் தெரியாத நேரத்தில் பயணமே கூடாது. தங்குமிடத்துக்குள் இருட்டில் நகர வேண்டியிருந்தால் தரையை மென்மையாகப் பெருக்கி, பிறகுதான் அடிவைக்க வேண்டும். திகம்பரத் துறவியிடம் இருக்கும் மயிற்பீலிக் கற்றையும் சுவேதாம்பரத் துறவியிடம் இருக்கும் கம்பளி நூல் துடைப்பமும் இதற்கானவை. திகம்பரத் துறவிக்கு மயிற்பீலி, கமண்டலம், அறநூல் ஆகிய மூன்றுக்கு மேல் எதுவும் கிடையாது. மயிற்பீலி உயிர்களைக் காக்க, கமண்டலம் தூய்மைக்கு, நூல் அறிவுக்கு. உடுத்தும் ஆடைகூட அவருடைய கணக்கில் இல்லை.

மின்விளக்கு வந்தபிறகு சமணத் துறவியரிடையே புதிய விவாதம் எழுந்தது. மின்சாரம் உயிருள்ள நெருப்பா, உயிரற்ற ஆற்றலா என்ற கேள்விக்கு அறிஞர்கள் இரண்டு பக்கமும் நின்று வாதிட்டிருக்கிறார்கள். உயிரற்றது என்று ஒப்புக்கொண்டாலும் டார்ச்சுக்கு வழி எளிதில் திறந்துவிடாது. டார்ச் என்பது ஓர் உடைமை, அது இரவில் நடமாட இடம்கொடுக்கும், விட்டில்களை ஈர்க்கும். ஒன்றை விலக்கியதன் பயனைப் பின்வாசல் வழியாக இழப்பதாக அது முடியலாம் என்பது கட்டுப்பாட்டை விடாதவர்களின் கவலை.

இங்கே கவனிக்க வேண்டியது, விளக்கை விலக்கிய சமணத் துறவியும் விளக்கோடு நடக்கும் வனவிகார பிக்குவும் ஒரே அறத்தின் பெயரால் அப்படிச் செய்கிறார்கள் என்பது. இருவருக்கும் அடிப்படை கொல்லாமை. ஒருவர் வெளிச்சத்தால் சாகும் உயிரைப் பார்க்கிறார், மற்றவர் இருட்டில் காலடியில் சாகும் உயிரைப் பார்க்கிறார். ஆகவே டார்ச் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த வாழ்வுக்குள், எந்தக் காரியத்துக்காக அது வருகிறது என்பதே கேள்வி.

காட்டுவழியும் பாம்பும்

தாய்லாந்தின் வடகிழக்கில் இசான் பகுதியில் அஜான் மன் பூரிதத்த (1870–1949) வழியில் வளர்ந்த வன மரபு, பிக்குகளை ஊர்விகாரங்களிலிருந்து காட்டுக்குத் திருப்பி அழைத்தது. அந்த மரபில் வந்த அஜான் சா (1918–1992) உபோன் மாநிலத்தில் 1954இல் வாட் நோங் பா போங் விகாரத்தையும், வெளிநாட்டு பிக்குகளின் பயிற்சிக்காக 1975இல் வாட் பா நானாசாட் விகாரத்தையும் தொடங்கினார். இந்த விகாரங்களில் ஒவ்வொரு பிக்குவின் குடிலும் மரங்களுக்கிடையே தனித்தனியாக இருக்கும். விடியலுக்கு வெகு முன்பே எழுந்து பொதுக்கூடத்துக்கு வர வேண்டும். மாலை வழிபாடு முடிந்து இருட்டில் திரும்பிப் போக வேண்டும். பல குடில்களில் மின்சாரம் கிடையாது. இரவில் நடப்பதை இங்கே தவிர்க்க முடியாது, அது பயிற்சியின் ஒரு பகுதி.

அந்தப் பாதையில் மற்ற உயிர்களும் இருக்கின்றன. மலாயா குழிவிரியன் உதிர்ந்த இலைகளின் நிறத்திலேயே சுருண்டு கிடக்கும். ஆள் நெருங்கினாலும் விலகிப் போகாமல் அசையாமல் இருப்பது அதன் இயல்பு. மிதித்தால்தான் அது இருப்பதே தெரியவரும். கட்டுவிரியன் இரவில் இரை தேடும். தேளும் பூரானும் மழை பெய்த இரவுகளில் பாதைக்கு வரும். இவற்றை மிதித்தால் பிக்குவுக்கும் ஆபத்து, அவற்றுக்கும் ஆபத்து. நத்தையும் எறும்பு வரிசையும் பிக்குவை எதுவும் செய்யப்போவதில்லை. ஆனால் இருட்டில் ஒரு காலடிக்கு எத்தனை உயிர் போகும் என்று சொல்ல முடியாது.

முன்தலைமுறை வன பிக்குகள் இதற்குத் துணியால் மறைத்த மடக்கு விளக்கில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு நடந்தார்கள். குடைபோல் விரியும் பெரிய கொசுவலைக் கூடாரமும் பாத்திரமும் இந்த மெழுகுவத்தி விளக்கும் அவர்களின் நடைப்பயணச் சுமை. டார்ச் அந்த விளக்கின் இடத்துக்கு வந்தது. காற்றில் அணையாது, இலைச்சருகில் தீப்பிடிக்காது, சுடரில் பூச்சி விழுந்து சாகாது. நெருப்பைத் தடுத்த விதியின் காரணத்தைப் பார்த்தால், நெருப்பே இல்லாத இந்த வெளிச்சம் அதற்கு மெழுகுவத்தியைவிட இசைவானது.

புத்தர் காலத்தில் இல்லாத பொருள்களைத் தீர்மானிக்க விநயத்தின் மகாவக்கம் நான்கு பெரும் அளவைகளைத் தருகிறது. வெளிப்படையாகத் தடுக்கப்படாத, அனுமதிக்கப்படவும் இல்லாத ஒரு பொருள், அனுமதிக்கப்பட்டதோடு ஒத்துப்போனால் தகும். தடுக்கப்பட்டதோடு ஒத்துப்போனால் தகாது. டார்ச் எதை ஒத்திருக்கிறது? பார்வைக்கு அது விளக்கை ஒத்தது. செய்யும் வேலையைப் பார்த்தால் நீர் வடிகட்டியை ஒத்தது. வடிகட்டி நீரில் உள்ள உயிரைக் கண்டுபிடித்து விலக்க உதவுகிறது, டார்ச் பாதையில் உள்ள உயிரைக் கண்டுபிடித்து விலக உதவுகிறது. வடிகட்டிக்கு எட்டுப் பொருள்களில் இடம் தந்த நியாயமே டார்ச்சுக்கும் பையில் இடம் தருகிறது. எந்த அளவுக்கு இடம் என்பதையும் அதே நியாயம்தான் தீர்மானிக்க வேண்டும்.

எவ்வளவு வெளிச்சம்

பிக்கு ஒவ்வொரு பொருளைப் பயன்படுத்தும்போதும் அதன் நோக்கத்தை நினைக்க வேண்டும் என்பது பௌத்தப் பயிற்சி. ஆடை குளிர், வெயில், கொசு ஆகியவற்றிலிருந்து உடலைக் காக்கவும் மானத்தை மறைக்கவும் மட்டுமே. உணவு உடலை நிலைநிறுத்த மட்டுமே. மஜ்ஜிம நிகாயத்தின் சப்பாசவ சுத்தம் இந்தச் சிந்தனையை உடை, உணவு, உறைவிடம், மருந்து என்ற நான்குக்கும் வரிசையாகச் சொல்கிறது. அதையே டார்ச்சுக்குப் பொருத்தினால் நோக்கம் சுருக்கமானது. அடுத்த சில அடிகளில் காலின்கீழ் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. அவ்வளவுதான்.

அந்த வேலைக்கு வேண்டிய வெளிச்சம் மிகக் குறைவு. ஒரு மெழுகுவத்தி எல்லாத் திசையிலும் சிதறவிடும் ஒளி ஏறத்தாழ 12 லூமன். அதைக் கொண்டுதான் முன்னோர் காட்டில் நடந்தார்கள். டார்ச் தன் ஒளியை ஒரே பக்கம் செலுத்துவதால், 10 லூமனிலேயே பாதை மெழுகுவத்தியைவிடத் தெளிவாகத் தெரியும். குடிலுக்குள் பாத்திரம் எடுக்கவும் சூத்திரம் படிக்கவும் ஒரு லூமன் போதும். கடைகளில் ஆயிரம் லூமன் என்று விளம்பரப்படுத்தும் டார்ச் இந்த வேலைக்கு உதவாது, சில நேரம் கெடுக்கவும் செய்யும். மனிதக் கண் இருளுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகிறது. பளீரென்ற ஒளி ஒருமுறை பட்டால் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். அணைத்ததும் முன்பைவிட அதிகமான இருட்டில் நிற்க நேரும். எதிரே நடந்து வரும் இன்னொரு பிக்குவின் கண்ணையும் அது கூசவைக்கும். தியானத்தில் இருப்பவரின் குடிலுக்குள் பாயும்.

எனவே டார்ச்சைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் உச்ச ஒளியைப் பார்ப்பதைவிட, எவ்வளவு தாழ்த்த முடியும் என்று பார்ப்பது முறை. முதல் அழுத்தலிலேயே தாழ்ந்த ஒளி வரும் டார்ச், உச்சத்தில் தொடங்கிப் பிறகு குறையும் டார்ச்சைவிட நல்லது. ஒளி தொலைவில் குவிந்து விழுவதைவிடக் காலடியில் பரவலாக விழ வேண்டும். காட்டின் மறுகோடியைப் பார்ப்பது நடப்பவரின் வேலையல்ல.

நிறமும் முக்கியம். நீலம் மிகுந்த வெள்ளொளிக்கு விட்டிலும் வண்டும் அதிகமாகக் கூடும், மஞ்சள் கலந்த வெள்ளொளிக்குக் குறைவாக வரும். சிவப்பொளி கண்ணின் இருள்பழக்கத்தைக் குறைவாகவே கலைக்கும், பூச்சிகளையும் அவ்வளவாக ஈர்க்காது. ஆனால் சிவப்பொளியில் பழுப்புப் பாம்பும் பழுப்பு இலையும் ஒன்றுபோலத் தெரியும். பார்க்க வேண்டியதை மறைத்துவிடும் ஒளியால் இந்த நோக்கம் நிறைவேறாது. பொருள்களின் நிறத்தை உள்ளபடி காட்டும், மஞ்சள் சாயலுள்ள தாழ்ந்த வெள்ளொளியே காட்டுப்பாதைக்கு ஏற்றது.

எடையும் மின்கலமும்

சிறிய டார்ச்சின் எடையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மின்கலம். கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் போடும் டிரிபிள் ஏ அல்கலைன் கலம் ஏறத்தாழ 11 கிராம், டபுள் ஏ 23 கிராம். டிரிபிள் ஏ கலம் ஒன்றில் எரியும் டார்ச்சைக் கலத்தோடு சேர்த்து நிறுத்தாலும் சவரக் கத்தியைவிடப் பெரிய சுமையாக இருக்காது. டபுள் ஏ டார்ச் கொஞ்சம் கனம், ஆனால் தாழ்ந்த ஒளியில் பல இரவுகளுக்குத் தாங்கும். பொத்தான் போன்ற நாணயக் கலத்தில் எரியும் சாவிக்கொத்து விளக்கு இன்னும் இலேசானது. அதன் கொள்ளளவு மிகக் குறைவு என்பதால் அவசரத்துக்கு உதவும், அன்றாட நடைக்குப் போதாது.

எந்தக் கலம் என்ற இடத்தில் உயிர்காப்புப் பையும் துறவியின் பையும் பிரிகின்றன. உயிர்காப்புப் பை வராத ஒரு நாளுக்காகக் காத்திருப்பது. அதிலுள்ள டார்ச் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடக்கும். அல்கலைன் கலம் அப்படிக் கிடந்தால் காரநீர் கசிந்து டார்ச்சையே அரித்துவிடும். மறுமின்னேற்ற முடியாத லித்தியம் டபுள் ஏ கலம் 15 கிராம்தான், கசிவது அரிது, பயன்படுத்தாமல் வைத்திருந்தால் 20 ஆண்டுவரை கெடாது என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். உயிர்காப்புப் பைக்கு அதுவே சரி.

துறவியின் டார்ச் ஒவ்வொரு இரவும் எரிவது. அவர் பணத்தைத் தொடுவதில்லை. பொன்னையும் வெள்ளியையும் ஏற்கக்கூடாது என்பது விநய விதி. தீர்ந்துபோகும் ஒவ்வொரு கலமும் ஏதோ ஒரு குடும்பம் தன் சம்பாத்தியத்திலிருந்து வாங்கித் தர வேண்டியது. ஆகவே நூற்றுக்கணக்கான முறை மறுமின்னேற்றக்கூடிய நிக்கல் கலம் அவருக்குப் பொருத்தம். கலம் டார்ச்சுக்குள்ளேயே அடைக்கப்பட்டிருந்தால், அது செத்ததும் டார்ச்சும் குப்பைக்குப் போகும். கழற்றி மாற்றக்கூடிய பொதுவான கலமாக இருந்தால் டார்ச் நெடுநாள் உழைக்கும். பாத்திரத்தில் ஐந்து ஒட்டுக்கள் விழும்வரை புதிய பாத்திரம் கேட்கக்கூடாது என்று விதித்த மரபுக்கு இதுவே இசைவு.

உறுதியும் இதோடு சேர்ந்ததுதான். நீர் புகாத ரப்பர் வளையம், கீழே விழுந்தாலும் நசுங்காத உலோக உடல், எளிய திருகு சுவிட்ச் ஆகியவை இருந்தால் போதும். பைக்குள் தானாக எரிந்து கலம் தீர்ந்துபோவது சிறிய டார்ச்சுகளில் அடிக்கடி நேர்வது. பல டார்ச்சுகளில் பின்மூடியைக் கால் திருகு தளர்த்திவைத்தாலே மின்சுற்று அறுந்துவிடும். பகலெல்லாம் பையில் கிடக்கும் டார்ச்சை அப்படித் தளர்த்திவைப்பது, தானமாக வந்த பொருளைக் காக்கும் ஒழுக்கத்தில் சேரும்.

ஒன்றா, இரண்டா

முன்னேற்பாடு செய்பவர்கள் முக்கியமான எந்தப் பொருளிலும் இரண்டு வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஒன்று பழுதானால் மற்றொன்று உதவும் என்பது அவர்கள் நியாயம், அதில் தவறில்லை. துறவியின் கணக்கு வேறு. கூடுதல் பாத்திரத்தைப் பத்து நாளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது, கூடுதல் ஆடையும் அப்படியே. நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் ஆகிய மருந்துப் பொருள்களை ஏழு நாளுக்கு மேல் சேமிக்கக்கூடாது. பொருளே கூடாது என்று இந்த விதிகள் சொல்லவில்லை. பொருள் பதுக்கலாக மாறும் இடத்தை நாள்கணக்கில் வரையறுக்கின்றன.

இரண்டாவது டார்ச்சுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் அச்சம். அச்சம் அளவறியாது. இரண்டு வைத்தவருக்கு மூன்றாவதுக்கான காரணமும் எளிதில் கிடைக்கும். சங்கத்தில் வாழும் பிக்குவுக்கு மாற்று ஏற்பாடு பக்கத்துக் குடிலிலேயே இருக்கிறது. தன் டார்ச் பழுதானால் இன்னொரு பிக்குவோடு சேர்ந்து நடக்கலாம், நிலா வரும்வரை காத்திருக்கலாம். தனியாக மலையில் மாட்டிக்கொள்ளக்கூடியவருக்கு அந்த வசதி இல்லாததால் அவருக்கு இரண்டாவது டார்ச் நியாயமானது. துறவிக்குச் சமூகமே இரண்டாவது டார்ச்.

விலையும் அழகும்

சிறிய டார்ச் என்றாலே எளிய டார்ச் என்று பொருளில்லை. டைட்டானியத்தில் கடைந்தவை, வண்ணம் பூசியவை, சேகரிப்போருக்காகக் குறைந்த எண்ணிக்கையில் செய்தவை எல்லாம் உண்டு. எடைக்குறைவே ஆசைக்குச் சாக்காகும் இடம் இது. விநயத்தில் இதற்கு நேரான நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது. கபிலவத்துவில் தந்தவேலை செய்யும் ஒருவர், பிக்குகளுக்கு வேண்டிய ஊசிக் கூடுகளைச் செய்து தருவதாக முன்வந்தார். பிக்குகள் வரிசையாகக் கேட்டார்கள். சின்னக் கூடு வைத்திருந்தவர் பெரியது கேட்டார், பெரியது வைத்திருந்தவர் சின்னது கேட்டார். விற்பனைக்குப் பொருள் செய்ய அவருக்கு நேரமில்லாமல் போனது, பிழைப்பும் கெட்டது, மனைவி மக்கள் துன்பப்பட்டார்கள். எலும்பு, தந்தம், கொம்பு ஆகியவற்றில் ஊசிக் கூடு செய்விக்கக்கூடாது, செய்வித்தால் உடைத்துவிட வேண்டும் என்ற விதி அதிலிருந்து வந்தது.

ஊசி தேவையானது. ஊசிக் கூடும் விரல்நீளப் பொருள்தான். அவ்வளவு சின்ன பொருளாலேயே ஒரு குடும்பம் நொடித்துப்போக முடிந்தது. பொருளின் அளவு சிறிதாக இருப்பதால் ஆசையும் சிறிதாக இருக்கும் என்று நம்ப முடியாது.

இழப்பு

ஒரு பொருள் தேவையாக இருக்கிறதா, பற்றாக மாறிவிட்டதா என்று தெரிய, அது தொலையும்போது மனம் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். சமண ஆசிரியர் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் உடைமை என்பதைப் பொருளால் அளக்காமல் பொருளின்மேல் உள்ள மயக்கத்தால் அளக்கிறது. கையில் எதுவும் இல்லாதவரிடமும் அந்த மயக்கம் இருக்கலாம்.

கிரேக்க ஸ்டோயிக் தத்துவாசிரியர் எபிக்டெட்டஸ் சொல்லும் விளக்குக் கதை இதே கருத்தை வேறொரு நாட்டிலிருந்து உறுதிசெய்கிறது. அவர் வீட்டு வழிபாட்டிடத்தில் ஓர் இரும்பு விளக்கு இருந்தது. ஒரு நாள் அதைத் திருடன் கொண்டுபோய்விட்டான். நாளைக்கு மண்விளக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று எபிக்டெட்டஸ் அமைதியானார். திருடனோ அந்த விளக்குக்காகத் தன் நேர்மையையே விலையாகக் கொடுத்துவிட்டான் என்பது அவர் கணிப்பு. அவர் இறந்தபின், அவருடைய மண்விளக்கை ஒருவர் 3,000 திராக்மாவுக்கு வாங்கியதாக லூசியன் என்ற எழுத்தாளர் சொல்கிறார். அந்த வெளிச்சத்தில் படித்தால் எபிக்டெட்டஸின் ஞானம் தனக்கு வந்துவிடும் என்று அவர் நம்பினாராம். இழக்கத் தயாராக இருந்தவரின் விளக்கே, அவருக்குப்பின் இன்னொருவரின் பற்றுக்குப் பொருளானது.

தானமாக வந்த பொருளைப் பயன்படுத்தும் முறைகளை ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் வாழ்ந்த புத்தகோசர் தம் விசுத்திமக்கத்தில் நான்காகப் பிரிக்கிறார். ஒழுக்கமற்றவர் பயன்படுத்துவது திருட்டு. ஒழுக்கமுள்ளவர் நோக்கத்தை நினைக்காமல் பயன்படுத்துவது கடன். உயர்ந்த படிகளை எட்டிய பயிற்சியாளர் பயன்படுத்துவது தந்தையின் சொத்தைப் பிள்ளை அனுபவிப்பது. ஆசையை முற்றும் அறுத்தவர் பயன்படுத்துவது உரிமையாளரின் பயன்பாடு. ஒரே டார்ச் நான்கு பேர் கையில் நான்கு பொருளாகிறது. வேறுபாடு டார்ச்சில் இல்லை, பொத்தானை அழுத்தும்போது எதற்காக அழுத்துகிறோம் என்ற நினைவில் இருக்கிறது.

தீர்ப்பு

இந்த மரபுகள் சேர்ந்து தரும் அளவுகோல் தெளிவானது. நடக்காமல் இருக்க முடிந்தால் டார்ச் தேவையில்லை. நடந்தே ஆக வேண்டுமென்றால் ஒன்று போதும். அதன் ஒளி காலடியில் உள்ள உயிரைக் காட்டும் அளவுக்கு இருக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். அதன் கலமும் விலையும் தருபவருக்குப் பாரமாகக் கூடாது. தொலைந்தால் அன்றைய தியானம் கலையக்கூடாது. இல்லறத்தில் இருப்பவர் தம் பைக்கு இன்னொரு டார்ச்சும் நீடித்த கலமும் சேர்த்துக்கொள்ளலாம், அவருடைய பொறுப்புகள் வேறு. ஆனாலும் எதற்காக, யார் செலவில், எவ்வளவு என்ற கேள்விகள் அவருக்கும் பொருந்தும். இவற்றுக்கு நேர்மையாக விடை சொல்லும் டார்ச் துறவியின் பையில் இருக்கத் தகுந்தது. விடை சொல்லாத டார்ச் 25 கிராம் எடை இருந்தாலும் அவருக்குச் சுமைதான்.